இஷ்டேனா

தேன்கனிக்கோட்டை அரசு மருத்துவமனை,
ஏழாம் எண் அறை, செவ்வாய்க்கிழமை.
புது டாக்டருக்கு நாகர்கோவில்; கன்னடம் தெரியாது.
அஞ்செட்டிப் பக்கத்துச் சனத்துக்கு
அவர் தமிழின் வேகம் பிடிபடாது.
நடுவில் நான், ஸ்டாஃப் நர்ஸ்.
தளியில் பிறந்தவள்.
சம்பளப் பட்டியலில் இல்லாத வேலையாக
இரண்டு பக்கமும் பேசுகிறவள்.

எங்கள் பக்கம் பால் ஹாலு ஆகும்.
புலி ஹுலி. புண் ஹுண்ணு.
உதட்டை ஒட்டாமல் மூச்சை விடுங்கள் சார்,
பாதிக் கன்னடம் வந்துவிடும் என்று
டாக்டருக்கே பாடம் எடுத்திருக்கிறேன்.

மாதேவம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது.
(பெயரை மாற்றியிருக்கிறேன்.
ஊரை மாற்ற முடியவில்லை,
மாற்றினால் மொழியும் போய்விடும்.)
தருமபுரியிலிருந்து சதைப் பரிசோதனை முடிவு வந்திருந்தது.
உள்ளே கூப்பிடும் முன்
அவள் புருஷன் ருத்ரப்பா
தண்ணீர் கேன் பக்கம் என்னை நிறுத்தினான்.
கையில் ஓ.பி. சீட்டு, எட்டாய் மடித்தது.
"ஹேள்பேடி அக்கா."
சொல்லாதீங்க.
அழவில்லை. காரணம் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார்.
ஊருக்கே தெரிந்த அந்த இங்கிலீஷ் சொல்லைத் தவிர்த்து
புற்று என்றார்.
எதுவரை பரவியிருக்கிறது,
கிருஷ்ணகிரியில் எது ஆகும், பெங்களூர் எதற்கு,
போகாவிட்டால் எத்தனை மாதம்.
ஃபேன் சத்தத்துக்கு மேல் நான்கு நிமிடம்.
பிறகு என்னைப் பார்த்தார்.

நான் அவளைப் பார்த்தேன்.
"ஹுண்ணு" என்றேன்.
மாத்திரையை விடாமல் சாப்பிடணும் என்றேன்.

வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு கேட்டாள்:
"அஷ்டொத்து மாத்தாடித்ரல்லா,
இஷ்டேனா?"
அவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா?

கன்னடத்தில்தான் கேட்டாள்.
என் காதில் தமிழாக விழுந்தது:
இஷ்டமா, இது உன் இஷ்டமா?

"சொல்லிட்டீங்களா சிஸ்டர்?"
"சொல்லிட்டேன் சார்."
பொய் இல்லை. என்னவோ சொல்லித்தானே இருந்தேன்.
என்ன என்று அவர் கேட்கவில்லை,
கேட்டாலும் சரிபார்க்க அவருக்கு வழியில்லை.
அந்த அறையில் இருவருக்கும் ஒரே கதவு நான்.
தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று
இரண்டு பேருக்கும் தெரியாது.

ராத்திரி டியூட்டியில்
டிரிப் பாட்டில் மாற்றிக்கொண்டே வாதாடிப் பார்த்தேன்.
அவன் கேட்டது பாசமாக இருக்கலாம்.
பெங்களூர் என்றால் ஆடுகளை விற்கணும், அதுவாக இருக்கலாம்.
ராகி அறுப்பு முடியட்டும் என்று நினைத்திருக்கலாம்.
எனக்கு எது வசதியோ
அந்தக் காரணத்தை அவன் வாயில் வைத்துக்கொண்டிருந்தேன்.
மாத்திரையை நம்பி ஒருத்தி வீட்டில் இருக்கிறாள்.
அவளுக்கு எத்தனை மாதம் என்பது
அவளைத் தவிர மூன்று பேருக்குத் தெரியும்.

அடுத்த செவ்வாய் தனியாக வந்தாள்.
வரிசையில் நிற்கவில்லை,
நேராக ஊசி போடும் அறைக்கு.
"அவர் புற்று என்றார். எனக்குக் காது உண்டு.
எங்கள் காட்டில் அது ஹுத்தா.
ஹுத்தா வேற, ஹுண்ணு வேற."
டாக்டருக்கு நான் எடுத்த பாடத்தை
எனக்கே திருப்பி எடுத்தாள்.
"அவர் எவ்வளவு நேரம் பேசினாரோ
அவ்வளவு நேரம் பேசு."

பேசினேன்.
நான்கு நிமிடத்துக்கு மேலேயே ஆனது.
எந்தச் சொல்லில் தொடங்கினேன்,
அவள் முகம் என்ன ஆனது,
இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது.

பெங்களூர் சீட்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு
கதவு வரை போனவள் திரும்பினாள்.
தனக்குத் தெரியும் என்பதைப் புருஷனிடம்
"ஹேள்பேடா" என்றாள்.

அவன் சொன்னது ஹேள்பேடி.
அவள் சொன்னது ஹேள்பேடா.
ஓர் எழுத்து.
மரியாதை குறைந்ததா, நெருக்கம் கூடியதா,
இதை மட்டும்
எனக்கு மொழிபெயர்க்கத் தெரியவில்லை.