கடல் மட்டத்திலிருந்து உயரம்

பாம்பன் நிலையத்து மஞ்சள் பலகையில்
கடல் மட்டத்திலிருந்து உயரம் என்று எழுதி
அதற்கப்புறம் துரு.
மூன்றாக இருக்கலாம், நாலாக இருக்கலாம்.
மூட்டையை இறக்கிவைத்துவிட்டு
அந்தத் துருவுக்குக் கீழே நின்று மூச்சு விட்டேன்.
காற்று கஞ்சி மாதிரிக் கெட்டியாக இருந்தது.

ஏழாயிரத்து எண்ணூறுக்கு மேல்
ஓர் அடிக்கு ஐந்து மூச்சு.
கணக்கு அவ்வளவுதான், வேறு வீரம் கிடையாது.
இழுப்பதில் இல்லை, தள்ளுவதில் இருக்கிறது என்பான் மிங்மா.
உதட்டைக் குவித்து
சிம்னி விளக்கை ஊதி அணைப்பதுபோல் தள்ளு.
காலியானால்தான் வரும்.

அதற்கு முன்னே மூன்று வாரம்
ஏறினோம், தூங்குவதற்கு இறங்கினோம், மறுபடி ஏறினோம்,
ஏத்தமும் வத்தமுமாக.
அதற்குள் ரத்தம் தன்பாட்டுக்கு
சிவப்பைச் சேர்த்துக்கொண்டிருந்தது,
கந்துக்காரன் வட்டி சேர்ப்பதுபோல.
தண்ணீர் சூடாகும் முன்பே கொதித்துவிடும்.
அரிசி நடுவில் கல்லாகவே நின்றது.
கொண்டுபோன நெத்திலிக் கருவாட்டைப் பிரித்தேன்.
மணக்கவில்லை.
அன்றைக்குத்தான் பயந்தேன்.

கூடாரத்தில் பக்கத்துப் பையில் வெசெலா, பல்கேரியாக்காரி.
தூக்கத்தில் அவள் மூச்சு நின்றுபோகும்.
ஒன்று, இரண்டு, மூன்று...
பதினாறில் திடுக்கென்று விழுங்குவாள்,
ஏழெட்டு வேகமாக ஓடும், மறுபடி நிற்கும்.
உயரத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் என்று படித்திருக்கிறேன்.
படித்ததால் தூக்கம் வரவில்லை.

எண்ணுவது எனக்குப் பழக்கம்.
எட்டு வயசில், வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு,
அப்பாவின் சட்டையோடு
காலில் அலுமினியத் தகடு கட்டி
விரல்களுக்குத் துணி சுற்றி
முங்கிப்போன அக்காவை எண்ணுவேன்.
முப்பது. முப்பத்தொன்று.
நாற்பத்தாறில் ஒரு பிடி மரிக்கொழுந்துப் பாசி
முதலில் மேலே வரும்.
பிறகுதான் தலை.

உச்சிக்கு முந்நூறு மீட்டர் பாக்கி.
முகமூடியின் வால்வில் என் மூச்சே பனியாகி அடைத்தது.
மிங்மா கையுறையைக் கழற்றித் தேய்த்தான்.
பெயர் என்ன என்று கேட்டான்.
இரண்டு மாதமாக என்னோடு இருப்பவன்.
ஜெனோவா என்று சொல்ல
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.
இறங்கு என்றான்.
அழுவதற்கும் ஆக்ஸிஜன் வேண்டும்.
இறங்கினேன்.

வந்த நாலாம் நாள்
வத்தத் தண்ணியில் அக்காவோடு முங்கினேன்.
பத்தொன்பது நொடி.
நெஞ்சு என்னை மேலே தூக்கி எறிந்தது.
மலை இந்த உடம்புக்குப் பழக்கிவிட்டது அது:
இம்மி குறைந்தாலும் கேள், கூசாமல் கேள்.
அக்காவின் உடம்போ
இருபத்தேழு வருசமாகக் கேட்காமலே இருக்கிறது.
அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
மூக்கில் உப்புத்தண்ணி வழியச் சிரித்தாள்.
"இம்புட்டுத்தானா?
இதுக்கா சங்கிலிய அடகு வச்சு அனுப்புனேன்?"
திருப்ப இன்னும் பதினோரு தவணை.
பை நிறையவில்லை, மறுபடி முங்கினாள்.
நான் எண்ண ஆரம்பித்தேன், பிறகு விட்டுவிட்டேன்,
பிறகு விட்ட இடம் தெரியாமல்
இருபதிலிருந்து தொடங்கினேன்.

மறுநாள் காலையில் டீயோடு வந்து உட்கார்ந்தாள்.
"ராத்திரி ரெண்டு தடவ நின்னுச்சு ஒனக்கு."
எத்தனை எண்ணினாய் என்றேன்.
"பதிமூணு. அதுக்கு மேல யாரு எண்ணுறது,
ஒதச்சேன்."

டீ நன்றாகக் கொதித்திருந்தது.
முதல் வாயிலேயே
நாக்கு வெந்துபோனது.