தோரா கிளெக்கின் இரண்டாவது வாய்

நானூறு தறிகள் ஒன்றாய் அடிக்கும் கூடத்தில்
காது வெறும் அலங்காரம்.
ஓல்டாம் ஆலையின் நெசவுப் பெண்கள் நாங்கள்
ஒலியில்லாமல் பேசுவோம்,
உதட்டை அகல விரித்து, நாக்கை நன்றாய்க் காட்டி.
மேஸ்திரியின் மனைவியைப் பற்றி
எதிர்வரிசைத் தோரா சொன்னதெல்லாம்
எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

முப்பத்தாறில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது.
அப்பா கொடுத்த சீர்,
பல் பிடுங்கும் செலவு.
“வரப்போகிறவன் தலையில்
பல்வலியைக் கட்டக் கூடாது, பார்.”
ஒரு வெள்ளிக்கிழமை, வாயு கொடுத்து,
பில்லிங் டாக்டர் இருபத்தேழையும் எடுத்தார்.
ஆட்டம் காணாதவைதான் அதிகம்.
(இருபத்தெட்டாவது முன்பே
ஒரு டாஃபியோடு போயிருந்தது.)

ஈறு ஆற மூன்று மாதம், ஓட்ஸ் கஞ்சி.
பிறகு வந்தது செட்.
கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பர்,
ஈரலின் நிறம்.
சிரித்தால் தெரியும் இடத்தில் மட்டும்
மெல்லிய ரோஸ்.
பற்கள் பீங்கான்.
முத்தமிட்டால் சைக்கிள் டியூப் மாதிரி இருக்கிறது
என்றான் வில்ஃப், சிரிக்காமல்.

டாக்டர் தேற்றினாராம்.
அவருடைய கண்ணாடி அலமாரியில்
நீர்யானைத் தந்தத்தில் செதுக்கிய ஒரு தாடை,
பழுப்பேறி, ஓரம் அரித்து.
அதில் திருகியிருந்த ஆறு முன்பற்களும்
ஏதோ போர்க்களத்தில் செத்த பையன்களுடையவை.
“அதற்கு இது எவ்வளவோ மேல், அம்மணி.”
ஆறும் ஒரே பையனுடையதா
என்று கேட்டாளாம் தோரா.
அவர் கை கழுவப் போய்விட்டார்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
போகவில்லை. வேறு ஊருக்குக் குடிமாறிவிட்டது.
திங்கட்கிழமை தறிக்குத் திரும்பி
வாயைத் திறந்தாள்,
எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.
மேலுதடு பீங்கானில் ஒட்டிக்கொண்டே நகர்ந்தது.
நாக்கு, சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி
சுவரைத் தடவித் தடவி நடந்தது.
சாவி என்றாளா, சாவு என்றாளா?
தலையாட்டினேன்,
புரிந்தவர்கள் ஆட்டுகிற மாதிரி.
அவளுக்குத் தெரிந்துவிட்டது.
அன்று முழுக்கத் தறியைப் பார்த்தே நின்றாள்.

பத்து நாள் போயிருக்கும்.
மேஸ்திரி முதுகைத் திருப்பிய நொடியில்
விரலை விட்டு மேல் செட்டையும் கீழ் செட்டையும் கழற்றி
ஏப்ரன் பைக்குள் போட்டாள்,
பஞ்சுத் தூசிக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவே.
வெறும் ஈறு.
கைக்குழந்தையின் வாயில் ஒரு கெட்ட செய்தி,
எழுத்துக்கு எழுத்துத் தெளிவாய்:
மேஸ்திரியின் மனைவி, மறுபடியும்.
ஊடுநூல் அறுந்தது தெரியாமல் சிரித்தேன்.
அரைநாள் கூலி போனது.

நாற்பத்தெட்டில் அரசாங்கமே
இலவசமாய்ப் பல் கொடுத்தது.
வரிசையில் நானும் நின்றேன்.
இப்போது ரப்பர் இல்லை, அக்ரிலிக்.
போர் விமானிகளின் தலைக்கு மேல்
வானத்தைக் காட்டிக்கொண்டிருந்த அதே சரக்கு,
ரோஸ் கலந்து, வாசனை இல்லாமல்.
தறிகளுக்கு மேலே கேட்டேன்,
எப்படி இருக்கிறது?
தோரா கண்ணைச் சுருக்கினாள்.
தலையாட்டவில்லை.
தன் ஏப்ரன் பையை
இரண்டு முறை தட்டிக் காட்டினாள்.