கதவைத்

திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்க
பிளாட்பாரத்தில் வாங்கினேன், நாற்பது ரூபாய்.
அட்டையில் பனி. பனிக்குள் ஒரு கோயில் மணி.
"கிறிஸ்துமஸ் கதைங்க, சரித்திரம், காதலும் இருக்குது."
மூன்றும் இந்த விலைக்கா என்று நினைத்துக்கொண்டேன்.

அது ஆடி மாசக் கடைசி.
எங்கள் செக்கிங் டேபிளில் அப்போது
ஐரோப்பாவுக்குப் போகிற கலைமான்கள்.
சிவப்புப் பனியனில் வெள்ளைக் கொம்பு.
பிசிறு வெட்டி, ஓட்டை பார்த்து
நாளைக்கு ஆயிரத்து இருநூறு மான்.
கிறிஸ்துமஸ் எங்களுக்கு ஆடியிலேயே வந்துவிடும்;
மார்கழியில் நாங்கள் பார்ப்பது கோடையை.

புத்தகம் சோத்துப் போசிகளோடு கைமாறியது.

கதை இதுதான்.
போத்தனூருக்கு ரயில் ரோடு போட வந்த
அயர்லாந்துக்காரன் ஒருத்தன்.
ஜல்லி சுமக்கிற வீராத்தாள்.
அவன் பேச்சு அவளுக்கும் அவள் பேச்சு அவனுக்கும்
விளங்காது. இருநூறு பக்கம் பார்த்துக்கொள்கிறார்கள்.
நடுவில் ஒரு காலரா. ஒரு பங்காளிச் சண்டை.
பிறகு கிறிஸ்துமஸ் ராத்திரி.

ஜெசிந்தாவுக்கு எடுத்ததுமே கோபம்:
"பூசை நடுவுல பாதர் கேக்கு வெட்டுறாராம். எந்த ஊர்ல?"
ஆனாலும் நாலு ராத்திரி வைத்திருந்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

மயிலாத்தாளுக்கு வண்டிக் கணக்கு உதைத்தது:
"தாராபுரத்துல பொழுதெறங்கப் பூட்டுன வண்டி
விடியறதுக்குள்ள போத்தனூராமா.
மாடா அது, பாயின்ட் டு பாயின்ட் பஸ்ஸா?"

நசீமா அந்த வண்டிப் பயணத்தை மட்டும்
மூன்று தடவை படித்திருந்தாள்.
"மாட்டுக் கழுத்து மணி நின்னுபோறத வெச்சே
அவ அழுததச் சொல்லீட்டாங்கக்கா."

முத்தம் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்.
"அதுவரைக்கும் ஜல்லியே கொட்டீட்டு இருந்தா?"
என்றாள் ரூபாவதி. அவளிடமிருந்து
அந்தப் பக்கத்தில் மட்டும் மஞ்சள் கறையோடு வந்தது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

அயர்ன் மாஸ்டர் பொன்னுரங்கம் படிக்கமாட்டார்,
கேட்டே அபிப்பிராயம் சொல்வார்.
"வீராத்தா சனம் எங்கீங் போச்சு?
அண்ணந்தம்பிக சும்மாவா உட்டிருப்பாங்க?
இந்தக் காலத்துலயே..."
மீதியை நீராவியில் அழுத்தினார்.
கொஞ்ச நேரம் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது.

அட்டைப் பனிக்கு மட்டும் ஏகமனதாக ரிஜெக்ட்.

சண்டை முற்றியது முடிவில்தான்.
நான் வாங்கும்போதே கடைசிப் பக்கங்கள் இல்லை,
பைண்டிங் விட்டு எங்கேயோ உதிர்ந்துவிட்டன.
இருக்கிற கடைசி வரி:
'மணி பன்னிரண்டு. வெளியே வீராத்தாள்
நிற்பது தெரிந்து அவன் கதவைத்'

அவ்வளவுதான். ஒற்று போட்டு நிற்கிறது.

திறந்தான், என்றாள் ஜெசிந்தா.
"அன்னிக்கு ராத்திரி போய் எவனாவது மூடுவானா?"
தாழிட்டான், என்றாள் மயிலாத்தாள்.
துரைமார் வேறென்ன செய்வார்கள் என்று
வண்டிக் கணக்குக் கோபம் அதிலும் இருந்தது.
தொட்டான், தொட்டுட்டு நின்னான், இது ரூபாவதி.
நசீமா ரொம்ப நேரம் பேசவில்லை.
அப்புறம் மான் ஒன்றை மடித்துக்கொண்டே சொன்னாள்:
"தட்டுனான். உள்ளயிருந்து.
வெளிய பூட்டீட்டுப் போயிருந்தாங்க."
பொன்னுரங்கம் அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்தார்.

தை மாசம் புத்தகக் கண்காட்சியில்
முழுப் பிரதி இருந்தது. நின்றபடியே படித்தேன்.
எழுதியவர் போட்டிருந்தது வேறு சொல்.
குறையில்லை. ஆனால்
நசீமாவின் கதவைப் பார்த்த கண்ணுக்கு
தையல் கொஞ்சம் லூஸ்.
வாங்கவில்லை. டேபிளில் சொல்லவும் இல்லை.

இப்போது தென்னைமரம் ஓடுகிறது, நீலப் பனியனில்.
புத்தகம் பேக்கிங் செக்‌ஷனுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது.
யாரோ அந்தத் 'த்'துக்கு அப்புறம்
பென்சிலில் எழுதி, அழித்து,
மறுபடி எழுதி அழித்திருக்கிறார்கள்.
வெளிச்சத்தில் பிடித்தால்
தாள் அந்த இடத்தில் மட்டும் மெலிந்திருக்கிறது,
ஆல்டர் பண்ணின பீஸ் மாதிரி.