ஆறு பொத்தான்

புனலூரிலிருந்து வண்டியை ஓட்டிவந்த அன்றே
பேட்டரி செத்தது. கோட்டைவாசல் தாண்டி, எஸ் வளைவில்,
பின்னால் பலாக்காய் லாரி ஹாரனடிக்க.
செங்கோட்டையிலிருந்து பிச்சைக்கனி வந்து
புதுசு மாட்டினான். எஞ்சின் உறுமியது.
வைப்பர் தேவையில்லாமல் தலையாட்டியது.
ரேடியோ மட்டும், நான்கு ஆங்கில எழுத்தில்,
கோட் என்றது.

"கரண்ட உருவினா இது நம்மளத் திருடன்னு நெனச்சுக்கிடும்.
ஒங்க மேல தப்பில்ல. அதுக்கு ஆளத் தெரியாது."

ஒரு லட்சத்து எண்பதாயிரம் எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.
அதில் நாற்பது நகைக்கடன். அடகுச்சீட்டு பையில் இருக்கிறது.
சிடி நுழைகிற வாய்தான் உண்டு ரேடியோவுக்கு,
சீட்டு நுழைகிற வாய் இல்லை.

ஆறு பொத்தான், ஐந்து இலக்கம்.
நான் பிறந்த வருஷத்தில் எட்டும் ஏழும் வருகின்றன;
இங்கே ஆறுக்கு மேல் எண்ணே கிடையாது.
ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து அழுத்தினேன்,
எல்லா முட்டாளும் முதலில் அழுத்துவது.
பிறகு தலைகீழாக.
பிறகு ஐந்து ஆறு.

பத்தாவது தப்பில் வாயை மூடிக்கொண்டது.
சாவியைத் திருகிவைத்து ஒரு மணி நேரம்
சும்மா இருக்க வேண்டுமாம்.
இருந்தேன். படிவம் இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது
என்று காகிதங்களை வரிசையாக அடுக்கினேன்.
ஒரு குரங்கு பக்கக் கண்ணாடியில்
தன் பல்லைப் பார்த்துவிட்டுப் போனது.

சனோஜுக்குப் போன் போட்டேன்.
"ரேடியோவோ? ஞான் வாங்கும்போழே ஊமையாணு."
வெள்ளம் வந்த வருஷம் வாங்கியவன்.
ஏழு வருஷம் அந்த நான்கு எழுத்தைப் பார்த்துக்கொண்டே
கொல்லம் போய்க் கொல்லம் வந்திருக்கிறான்,
கம்பெனி பெயர் என்று நினைத்து.
ஆக, பிச்சைக்கனி மேல் பழியில்லை.

அவனுக்கு விற்றது கொட்டாரக்கரையில் ஒரு பல் டாக்டர்,
சாராம்மா புன்னூஸ். நம்பர் கிடைக்க இரண்டு நாள்.
வாட்ஸப்பில் குரல் அனுப்பினார், பின்னால் குக்கர் மூன்று விசில்.
கார்டைக் காரில் வைக்காதே என்று
புத்தகத்தில் அச்சடித்திருந்ததாம். வைக்கவில்லை.
பேங்க் லாக்கரில் வைத்தார்,
நிலப்பத்திரத்துக்கும் கழுத்து மாலைக்கும் நடுவில்.
வண்டியை விற்றார், சாவி இரண்டையும் விற்றார்,
கார்டு அங்கேயே கிடந்தது, கெட்டுப்போகாமல்.
ஏதோ கல்யாணத்துக்கு மாலை எடுக்கப் போன இடத்தில்
பார்த்துச் சொன்னார்:

ரண்டு. அஞ்சு. அஞ்சு. ஒந்நு. நாலு.

எந்தச் சாவடியிலும் நிற்காமல் வந்த எண்கள்.
ஒன்றின் மூக்கில் மட்டும்
கொஞ்சம் மழை ஏறியிருந்தது.

அழுத்தினேன். ஒரு பீப்.
திறந்தால் உள்ளே யாரோ இருப்பார்கள் என்று
நினைத்திருந்தேன் போல.
எண்பத்தேழு புள்ளி ஐந்தில் அரிசி புடைக்கும் சத்தம்.
டாக்டர் சேர்த்துவைத்த நிலையங்கள் அழிந்திருந்தன.
ஆறு பொத்தானும் காலி.

என்.ஓ.சி.க்குப் போய் வெறுங்கையோடு திரும்பும்போது
ஆரியங்காவில் ஒரு பெண் அகப்பட்டாள்,
நாலாம் தர ஷீட் ரப்பர் கிலோ என்ன விலை என்று.
எஸ் வளைவில் அவள் பாதிச் சொல்லில் கரைய
திருநெல்வேலி ஏறிக்கொண்டது,
மழையளவு, அணை நிலவரம்.

புளியரையில் கை காட்டி நிறுத்தினார் ஏட்டு.
கேஎல் இருபத்தைந்து. "யார் வண்டி?"
ரண்டு அஞ்சு அஞ்சு என்று நாக்கு நுனிவரை வந்தது.
ஆர்.சி.யை நீட்டினேன். அதில் இன்னும் சனோஜ்.
அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
அடவிநயினார் எழுபத்தெட்டு அடி, என்றது ரேடியோ. குண்டாறு

"கொஞ்சம் கூட்டி வைங்க" என்றார்,
ஜன்னலுக்குள் தலையை நீட்டி.