முந்நூற்று முப்பத்தெட்டு மீட்டர்

முப்பதாம் தேதி பணி ஓய்வு.
நிலுவையில்லைச் சான்றில் பதினாலு கையெழுத்து.
நூலகம் போட்டுவிட்டது. விடுதி போட்டுவிட்டது.
நான் ஒருநாளும் நுழையாத உடற்பயிற்சிக் கூடமும் போட்டுவிட்டது.
பண்டக அறையில் களஞ்சியம்,
பெயரும் அதுதான் வேலையும் அதுதான்,
பேரேட்டில் விரலை ஊன்றி நிமிர்ந்தார்.
"ஒளியிழை உருளை ஒண்ணு. ரெண்டு கிலோமீட்டர்.
இருக்கா மேடம்?"

இருந்தது. அளந்து காட்டினேன்.
ஒரு முனையில் துடிப்பொன்றை அனுப்பினால்
மறுமுனையில் முட்டித் திரும்பும்;
போக வரப் பதினாறு மைக்ரோ வினாடி.
திரையில் மெல்லச் சரியும் கோடு,
கடைசியில் ஒரு முள், அப்புறம் வெறும் இரைச்சல்.
ஆயிரத்து அறுநூற்று அறுபத்திரண்டு.
"டேப்பு வச்சுப் பாக்க வேண்டாமா?"
வேண்டாம் என்றேன்.
"அப்ப மிச்சம் முந்நூத்தி முப்பத்தெட்டு மீட்டர் எங்கே?"

வெளியே கச்சான். உச்சிப்புளி மணல்
சன்னல் கம்பி வழியாக வந்து பேரேட்டில் இறங்கியது.
ஊதிவிட்டுக் கணக்கு எழுதினேன்.

இருபத்தாறு வருடம். வருடத்துக்கு அறுபது பேர்.
ஆளுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர்.
மேலுறை உரித்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து,
வைர முனையால் ஒரு கீறல்.
சரியாக வெட்டினால் 'டிக்' என்று கேட்கும்.
துண்டுகள் ஊறுகாய் பாட்டிலுக்குள்;
தவறியது யார் விரலிலாவது ஏறும்,
வலிக்கும், கண்ணுக்குத் தெரியாது.
தொண்டி ஆயிஷத்து நாச்சியாவுக்கு முதல் வெட்டிலேயே டிக்.
தோஹாவிலிருந்து போன மாதம் பேசினாள்,
வீட்டுக்காரரைவிட இரண்டு மடங்கு சம்பளமாம்,
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
ஆக, நூற்று எண்பத்தேழு மீட்டர், இருபது சென்டிமீட்டர்.
"இருபதை விட்டுருங்க" என்றார் களஞ்சியம்.

நூற்றுப்பத்து மீட்டர், மண்டபம் தோணித்துறை,
பெண்கடல் பக்கம்.
வியாழக்கிழமை குழாயோடு இறக்கினோம்.
வெள்ளி விடிய சீனி முகம்மது வள்ளத்தின் நங்கூரம்.
மனிதர் மறைக்கவில்லை,
அறுந்ததைச் சுருட்டிக் கொண்டுவந்தே கொடுத்தார்:
"டீச்சர், உங்க தங்கூஸ் சரியில்ல.
முடிச்சுப் போட்டா ஒடியுது. மீனுக்கு ஆகாது."

மீதி நாற்பத்தொன்று.

கண்ணாடியிழையை இரண்டு பக்கமும் இழுத்தபடி
நடுவில் சின்னச் சுடர் காட்டினால் இளகும்.
மயிரில் நூறில் ஒன்றாகும்வரை இழுக்கலாம்.
அவ்வளவு மெலிந்தால் ஒளிக்கு உள்ளே இடம் போதாது,
படியில் தொங்கிப் போகிறவன் மாதிரி
பாதி வெளியே நின்று போகும்.
வெளியே கடல்தண்ணீர் இருந்தால்
உப்பு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு வரும்.

இது என் யோசனை. ஒன்பது வருடம்.
காற்று அடங்கும் ராத்திரிகளில்
விசிறியை நிறுத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி செருகி,
மூச்சைக்கூட அந்தப் பக்கம் விடாமல்.
இழுப்புக்கு இருபது சென்டிமீட்டர்.
இருநூற்று நான்கு முறை ஒடிந்தது.

ஒருமுறை ஒடியவில்லை.
மார்கழி. இரண்டு கிண்ணம்.
ஒன்றில் பெண்கடல், மழை குடித்த தண்ணீர்,
மற்றதில் ஆண்கடல்.
மாற்றி மாற்றி வைத்தேன், கோடு ஏறி இறங்கியது.
ரொமால்டை எழுப்பி அவனையும் மாற்றி வைக்கச் சொன்னேன்.
கொட்டாவி விட்டபடி வைத்தான்.
ஏறி இறங்கியது.

கட்டுரை அனுப்பினேன். பதில் வந்தது.
பதினோரு மாதம் முன்னால்
வேறு யாரோ, ஏதோ குளிர்கடலில்.
மரியாதையான கடிதம்தான்.

களஞ்சியம் பேனாவோடு காத்திருந்தார்.
'தேய்மானம்' என்று எழுதினேன்.
"கண்ணாடி தேயுமா மேடம்?"
"இழுத்தால் தேயும்."

யோசித்தார். தேய்மானத்துக்கு விதியில் இடமில்லையாம்.
மீட்டருக்கு நாலு ரூபாய்; நூற்று அறுபத்து நாலு.
கட்டினேன்.
ரசீதில் 'ஒலியிழை' என்று எழுதியிருந்தார்.
அவர் பேனாவையே வாங்கி
'லி'யை 'ளி' ஆக்கிக் கொடுத்தேன்,
பக்கத்தில் சுருக்கொப்பம் போடச் சொன்னார்,
இரா. ம. என்று போட்டேன்.