சவுடுக் கணக்கு

டிப்பர் ஒன்று மதகைத் தாண்டினால் ஒரு கோடு.
நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது.
மாசி முழுக்க அதுதான் என் வேலை,
வில்லியனூருக்கு மேற்கே, ஏரிக்குள், ஒரு குடையின் கீழ்.

தண்ணீர் பின்வாங்கிய விளிம்பில்
மண்டியிட்டிருந்தார் மதலேன்.
கல்லூரியில் தாவரவியல். கழுத்துக் கயிற்றில் உருப்பெருக்கி.
புல்லுக்கா இத்தனை பாடு என்றேன்.
கோரை என்றார்.
பாய்க்கு அறுப்பது வேறு,
பன்றி கிளறுகிற முத்தக்காசும் வேறு.
இதை விரலுக்கு நடுவே உருட்டுங்கள்.

உருட்டினேன்.
பென்சில் போல் ஓடவில்லை,
தடுக்கித் தடுக்கி நின்றது, மூன்று முனையில்.

பூ எங்கே? காட்டினார்:
தீக்குச்சி மருந்தளவு பழுப்பு.
அதற்குள் விதை, எள்ளைப் பத்தாய் நறுக்கியது போல்.
கண்ணாடியில் பார்த்தால்
அந்தத் துணுக்கின் மேல் வரிவரியாய்க் கட்டங்கள்.
யார் பார்க்க இத்தனை வேலைப்பாடு!

பெயரை லத்தீனில் சொன்னார், என் வாயில் நிற்கவில்லை.
தமிழில்?
களை என்றுதான் எல்லாரும்.

நாற்பத்தொரு தூர், அவர் எண்ணியவரை.
முழங்கால் தண்ணீரில் அழுகும்,
வெடித்த மண்ணில் காயும்,
கணுக்கால் ஈரம் நிற்கிற ஆறு வாரத்துக்குள்
முளைத்துக் காய்த்து உதிர்ந்துவிட வேண்டும்.

ஏரிக்குக் கெடுதல் செய்ய வந்தவர்களில்லை நாங்கள்.
ஆழப்படுத்தச் சொல்லி ஊரே மனுக் கொடுத்தது.
கரையைச் செங்குத்தாய்ச் சீவிக் கல் பதித்து
மேலே நடைபாதை, விளக்கு, அன்னப்பறவைப் படகுத்துறை.
வரைபடத்தில் தண்ணீர் நீலம், கரை பச்சை,
நடுவே ஒரு கோடு.
அந்தக் கோட்டின் தடிமனில்தான் அது வாழ்ந்தது.

மதலேனும் மனுக் கொடுத்தார்.
பதில் வருமுன் ஒரு செவ்வாய்க்கிழமை
தணிகாசலம் பொக்லைன் வாளியை இறக்கினார்.
நான் கையைத் தூக்கியிருந்தால் நிறுத்தியிருப்பார்.
கையில் பேனா இருந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டாம் நடை.
கோடு போட்டேன்.

ஐப்பசி அடைமழையில்
அரும்பார்த்தபுரத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.
"உங்க சவுடு கொட்டித்தான் மனையை மேடாக்கினேன்.
செப்டிக் டேங்க் பக்கம் தண்ணி தேங்கி
ஏதோ புல்லு கிளம்பியிருக்கு சார்.
என்ன மருந்து அடிக்கலாம்?"

எதையும் அடிக்காதீங்க என்றேன்.
ஒண்ணைக் கிள்ளி விரல் நடுவே உருட்டிப் பாருங்க.

போனில் மழை.
அவர் செருப்பைச் சேறு உறிஞ்சி விடுகிற சத்தம்.
நான் பழைய கணக்கு நோட்டை இழுத்து
அந்தச் செவ்வாய்க்கிழமையின் பக்கத்தைத் திறந்து
ஓரத்து வெற்றிடத்தில்
பேனா முனையை ஊன்றிக் காத்திருந்தேன்.

"தடுக்குதுங்களே" என்றார்.