நாற்பத்து நான்கு கிலோ

துடுப்புப் பிடிக்கத்தான் பெயர் கொடுத்தேன்.
பதினைந்து நிமிடம் நிறுத்தாமல் நீந்துவாயா
என்று படிவத்தில் ஒரு கட்டம்.
பன்னிரண்டு முடியும்.
சரி போட்டேன்.
வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் அப்பா
பல் வைத்தியரின் கடிதம் என நினைத்துக்
கையெழுத்து வைத்தார்.

சொலத்தூர்னில் ஏப்ரல் என்பது
இன்னும் முடியாத மார்ச்.
படகுக் கொட்டகையில் வார்னிஷ் வாசம்,
அதற்கும் மேலே
காயாத காலுறைகளின் வாசம்.
ரெகுலா லொய்யன்பெர்கர்
எங்களைப் பழைய தராசு ஒன்றில் ஏற்றினார்.
மிரியம் அறுபத்தொன்று.
ஷெலின் அறுபத்தேழு,
அந்தத் தோள்களுக்கு அது குறைவு.
என் முறையில் முள் சற்றுத் தயங்கி
நாற்பத்து நான்கில் நின்றது,
சப்பாத்தோடு.

"நீ சுக்கான்" என்றார்.
அவ்வளவுதான்.
இரண்டு கயிறுகளைக் கையில் தந்து
படகின் வாலில் உட்காரவைத்தார்கள்.

எங்கள் வீடு மூன்றாம் மாடி.
இரண்டாம் மாடியில் திருமதி ஷ்டூடர்,
அவரிடம் ஒரு விளக்குமாறு,
அதன் காம்புக்கு எங்கள் தரை எல்லாம் மனப்பாடம்.
ஏழு மணிக்கு மேல் மிக்ஸி இல்லை.
சிரிப்பதென்றால் ஜன்னலைச் சாத்து.
"மெல்லக் கதை பிள்ளை" என்பதுதான்
என் காதில் விழுந்த முதல் தமிழாக இருக்கவேண்டும்.

முதல் மூன்று வாரம்
நான் சொன்னதை ஷெலின் வாங்கி
முதுகுக்குப் பின்னால் அனுப்பினாள்.
பந்தியில் அப்பளத் தட்டு கைமாறுவதுபோல
என் கட்டளை
லியாவிடம், மிரியமிடம்,
ஏழு மீட்டர் தள்ளி நொயெமியிடம்
ஆறிப்போய்ச் சேர்ந்தது.
கரையில் சைக்கிளில் வந்த ரெகுலா
ஒலிபெருக்கியில் கத்துவார்:
"வைதுஷா, சத்தம்!"
ஆற்றில் இருந்த வாத்துகளுக்கெல்லாம்
என் பெயர் தெரியும்.

நான்கு பேரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.
போகும் திசையை ஒருத்தியும் பார்ப்பதில்லை.
அவர்கள் மூச்சு வாங்கும்போது
என் உள்ளங்கை
கழுவிய கோப்பைபோல வழுவழுப்பாக இருக்கும்.
அதை மடியில் ஒளித்துக்கொள்வேன்.

மே மாதம், இரண்டு நாள் மழைக்குப் பிறகு,
அல்ட்ரோய் நாரைகளைப் பார்க்க
ஆரேயில் மேல்நோக்கிப் போனோம்.
வளைவில்
ஒரு மரம் வந்துகொண்டிருந்தது.
முழு மரம். வேரோடு.
அவசரமில்லாமல்,
வீட்டுக்குப் போகும் மாடுபோல.
ஷெலின் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கயிற்றை இழுத்தேன். போதவில்லை.
இடது பக்கத்துக்கு ஜெர்மனில் ஒரு சொல் உண்டு,
படகில் மட்டும் வழங்குவது,
நேற்று இரவும் எழுதிப் பார்த்த சொல்.
அது இல்லை.
வாய் திறந்தபோது வந்தது
"வலி!"

எங்கிருந்து அந்தக் குரல்?
"வலி! வலி! வலி!"

மொழி தெரியாத நான்கு முதுகுகள்
ஒன்றாக வளைந்து ஒன்றாக நிமிர்ந்தன.
படகு துள்ளியது.
நொயெமியின் துடுப்பு நுனியை
ஒரு வேர் தடவிப் போயிற்று.

பிறகு யாரும் பேசவில்லை.
துடுப்புகளிலிருந்து நீர் சொட்டியது.
"என்ன சொன்னாய்?" என்றாள் லியா.
"இழு என்று."
அது உண்மைதான்.
மிரியம் கையுறையைக் கழற்றி
உடைந்த கொப்புளங்களை ஊதிக்கொண்டிருந்தாள்.
அந்தச் சொல்லின் இரண்டாம் அர்த்தத்தை
அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.
மூன்றாவது ஒன்றும் உண்டு.
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் புத்தகத்தில்
பார்த்திருக்கிறேன்,
வலிமைக்குப் பக்கத்தில்.
பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டேன்.

நாரைகளைப் பார்த்தோமா
என்பது நினைவில்லை.

இரவு சாப்பாட்டில்
"அம்மா, உப்பு" என்றேன்.
கீழே விளக்குமாறு தட்டியது,
இரண்டு முறை.
அம்மா கரண்டியோடு என்னையே பார்த்தாள்.
அப்பா உப்பை என் பக்கம் நகர்த்தினார்,
எதில் கையெழுத்து வைத்தோம் என்று
யோசிப்பவர்போல.